சங்கக் கூட்டத்துக்குப் புரொஜெக்டர்: வாங்குவதும் பொருத்துவதும் பாதுகாப்பாகக் கையாள்வதும்

ஒரு காலத்தில் வணிகர் சங்கக் கூட்டம் என்றால் நான்கு நாற்காலி, ஒரு மைக், ஒரு தட்டில் மிக்சர், டீ என்று முடிந்துவிடும். இன்று அப்படியில்லை. 2017ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, கணக்கு தாக்கல் செய்யும் முறையை உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பிக்கும் படிவத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. பொட்டலத்தின் மீது எடை, விலை, தயாரித்த தேதி எல்லாம் எப்படி அச்சிடப்பட வேண்டும் என்பதைப் படம் போட்டுச் சொன்னால்தான் எல்லோருக்கும் புரிகிறது. இதனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சங்கங்களுக்கும் புரொஜெக்டர் தேவைப்படும் பொருளாகிவிட்டது. வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு.

ஆனால் கருவி வந்த அளவுக்கு அதைக் கையாளும் அறிவு வந்துவிடவில்லை. படம் மங்கலாகத் தெரிகிறது, பாதியில் அணைந்துவிட்டது என்பதெல்லாம் சின்னத் தொல்லை. மின்சாரம், சூடு, இருட்டு, கூட்டம் என்ற நான்கும் ஒரே அறையில் சேரும்போது உயிருக்கே ஆபத்து வர வழியிருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில், வாங்குவது முதல் உறையில் போட்டு மூடி வைப்பது வரை, நம் கடைக்காரர்களுக்குப் புரியும் வகையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய கதையிலிருந்து ஒரு பாடம்

எடுத்துச் செல்லும் படக்கருவி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1905ஆம் ஆண்டு திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையையும் கட்டினார். தென்னாட்டில் சினிமாத் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டது ஒரு பெட்டியில் அடங்கிய கருவிதான்.

அதே கருவியால் நேர்ந்த துயரமும் உண்டு. 1897ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி பாரிஸ் நகரில் ஓர் அறக்கொடைச் சந்தையில் சினிமாக் காட்சி நடந்தது. கருவியின் விளக்கில் ஈதர் ஊற்றும்போது தீப்பற்றியது. மரச்சட்டமும் துணியுமாக அமைக்கப்பட்டிருந்த அந்தப் பந்தலில் நூற்றிருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இன்றைய கருவியில் ஈதரும் இல்லை, எளிதில் தீப்பிடிக்கும் பழைய பிலிமும் இல்லை. அதனால் அபாயம் போய்விட்டது என்று நினைத்தால் அது தவறு. நம் தமிழ்நாட்டிலேயே 2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. திருமண மண்டபத்தின் மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். வீடியோ எடுப்பதற்கான விளக்குக்குச் சென்ற மின்வயரில் கோளாறு ஏற்பட்டுத் தீ கீற்றில் பற்றியது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் பலியானார்கள். அங்கும் தீயைப் பரப்பியது கீற்றுக்கூரைதான். 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி டெல்லி உபஹார் திரையரங்கில் டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை அரங்குக்குள் நிரம்பி 59 பேர் இறந்தார்கள்.

இவற்றில் எதிலும் படம் காட்டும் கருவி நேரடியாகத் தீப்பிடிக்கவில்லை. வயர், கூரை, வெளியே வர முடியாத வழி ஆகிய மூன்றுமே உயிரை வாங்கின. புரொஜெக்டரை நல்ல கம்பெனியில் பார்த்து வாங்கிவிட்டோம் என்று நிம்மதி அடையும் வணிகர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மூட்டையின் எடை வேறு, உள்ளிருக்கும் சரக்கின் எடை வேறு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புரொஜெக்டரிலும் அதே கதைதான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 9000 லூமென், 12000 லூமென் என்று போட்டிருப்பார்கள். லூமென் என்பது ஒளியின் அளவு. ஆனால் எந்த முறையில் அளந்தார்கள் என்பதுதான் முக்கியம். ஆன்சி லூமென் அல்லது ஐ.எஸ்.ஓ. லூமென் என்று குறிப்பிட்டிருந்தால் அது திரையில் விழும் ஒளியை முறைப்படி அளந்தது. வெறும் லூமென் என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பி விலை பேசக்கூடாது. விலை குறைந்த சிறிய கருவிகள் பலவற்றில் உண்மையான ஆன்சி அளவு இருநூறு, முந்நூறுக்குள்தான் இருக்கும்.

ஒளி எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு கரண்டி மாவைச் சின்னக் கல்லில் ஊற்றினால் தோசை கனமாக வரும். அதையே பெரிய கல்லில் இழுத்தால் மெலிந்து கிழியும். ஒளியும் அப்படியே. திரையின் அகலம் 6 அடி என்றால் உயரம் சுமார் 3 அடி 4 அங்குலம். பரப்பு ஏறக்குறைய 20 சதுர அடி. 300 ஆன்சி லூமென் கருவி ஒவ்வொரு சதுர அடிக்கும் 15 லூமென் கொடுக்கும். விளக்கணைத்த அறையில் இது நல்ல வெளிச்சம். அதே கருவியை 10 அடி அகலத்துக்கு இழுத்தால் பரப்பு 56 சதுர அடியாகிவிடும். சதுர அடிக்கு 5 லூமென் சொச்சம்தான் மிஞ்சும்; எழுத்து படிக்க முடியாது. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் கால் பங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் கூட்டங்களில் விளக்கை முழுவதும் அணைக்க முடியாது. உறுப்பினர்கள் குறிப்பெடுப்பார்கள், வருவார்கள், போவார்கள். டியூப்லைட் எரியும் கூடத்தில் 8 அடித் திரைக்கு 3000 ஆன்சி லூமென் அளவாவது இருந்தால்தான் கணக்குப் படிவத்தின் சிறிய எழுத்துகள் தெளிவாகத் தெரியும். வீட்டில் படம் பார்க்கும் சிறு கருவியை வாங்கி வந்து சங்கக் கூடத்தில் வைத்துவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்வதில் பயனில்லை.

அடுத்தது படத்தின் நுணுக்கம். '1080 சப்போர்ட்' என்று எழுதியிருப்பதற்கும், கருவியின் சொந்த நுணுக்கம் 1080 என்பதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவது, பெரிய படத்தை உள்வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்று மட்டுமே பொருள். விற்பவரிடம், "இதன் சொந்த ரெசல்யூஷன் எவ்வளவு?" என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

விளக்கு வகை மூன்று. பாதரச ஆவி விளக்கு உள்ளவை நல்ல வெளிச்சம் தரும். ஆனால் விளக்கின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம்தான். பிறகு புது விளக்கு வாங்க வேண்டும். அதன் விலை லேசானதல்ல. எல்.இ.டி., லேசர் வகைகள் இருபதாயிரம் மணி நேரம் வரை உழைக்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். விலை அதிகம் என்றாலும் பராமரிப்பு குறைவு. வாங்கும்போது கருவியின் விலையோடு மாற்று விளக்கின் விலையையும் கேட்டுக் கூட்டிப் பார்ப்பதே வியாபாரக் கணக்கு.

வரியைப் பற்றியும் ஒரு சொல். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தொழிலுக்காக வாங்கும் பதிவு பெற்ற வணிகர், முறையான பில் இருந்தால் உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொள்ளலாம். கூட்டுத் திட்டத்தில், அதாவது காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. எப்படியிருந்தாலும் பில் இல்லாமல் வாங்கினால் உத்தரவாதமும் போய்விடும் என்பதை மறக்கக்கூடாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று கூட்டம் மட்டுமே நடத்தும் சங்கத்துக்கு வாடகையே போதும். மாதம் ஒரு கூட்டம், பயிற்சி வகுப்பு என்று இருந்தால் சொந்தக் கருவி கட்டுப்படியாகும்.

இடமும் தூரமும்

திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கருவியை வைப்பது என்பதற்குத் திட்டமான கணக்கு உண்டு. ஒவ்வொரு கருவியின் விவரக் குறிப்பிலும் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். திரையின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். எண் 1.5 என்றும் அகலம் 6 அடி என்றும் வைத்துக்கொண்டால் தூரம் 9 அடி. 8 அடி அகலம் வேண்டுமானால் 12 அடி. கூடத்தை முன்கூட்டியே டேப் வைத்து அளந்துவிட்டால், கூட்டம் சேர்ந்த பிறகு நாற்காலிகளை இழுத்துப் போடும் சங்கடம் இராது.

கருவியைக் கூடியவரை திரைக்கு நேராக, சமமாக வைக்க வேண்டும். கீழிருந்து சாய்த்துக் காட்டினால் படம் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் கோணலாகத் தெரியும். இதைச் சரிசெய்ய 'கீஸ்டோன்' என்ற வசதி இருக்கிறது. ஆனால் அது படத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறது. அந்த அளவுக்கு எழுத்தின் தெளிவு குறையும். மேசையின் உயரத்தைச் சரிசெய்வது முதல் வழி. கீஸ்டோன் கடைசி வழி.

வைக்கும் மேசை ஆடாததாக இருக்க வேண்டும். இரண்டு எண்ணெய் டின்னை அடுக்கி அதன்மேல் பலகை போட்டு வைக்கும் வழக்கம் வேண்டாம். ஒருவர் கால் இடறினாலும் கருவி கீழே விழும். விழுந்தால் உள்ளிருக்கும் விளக்கு உடையும். பாதரச விளக்கு உடைந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்ல வேண்டும். உடைந்த துண்டுகளைக் கையால் பொறுக்கக்கூடாது. துடைப்பத்தால் பெருக்கிக் கிளப்பவும் கூடாது. தடித்த அட்டையால் சேர்த்தெடுத்து மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய விளக்கையும் கருவியையும் அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை.

மின்சாரம்: கவனம் முழுவதும் இங்கே

புரொஜெக்டர் அதிக மின்சாரம் இழுக்கும் பொருளல்ல. நடுத்தரக் கருவி ஒன்று சுமார் 300 வாட். மடிக்கணினி 65 வாட். ஒலிபெருக்கி 100 வாட் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 500 வாட்டுக்குள் அடங்கும். 230 வோல்ட்டில் இது சுமார் 2 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் 1380 வாட் வரை தாங்கும். எனவே கணக்குப்படி எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது? அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் டீ போடும் மின்கெட்டிலையும் சேர்த்துச் செருகும்போது வருகிறது. கெட்டில் மட்டும் 1500 வாட், அதாவது ஆறரை ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் எட்டரை ஆம்பியரைத் தாண்டும். வயர் சூடாகும், பிளக் உருகும், புகை வரும். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம், டீத்தண்ணி கொதிக்கட்டும்" என்று யாராவது கெட்டில் பிளக்கைச் செருக வந்தால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் தடுத்துவிட வேண்டும். டீயைப் பக்கத்துக் கடையில் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

மின்சாரம் குறித்துக் கீழ்க்கண்டவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. மூன்று முனை பிளக்கை மூன்று துளை பாயிண்டில்தான் செருக வேண்டும். எர்த் முனையை வெட்டிவிட்டு இரண்டு முனையாக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

2. எக்ஸ்டென்ஷன் வயர் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள மூன்று இழை வயராக, 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி உள்ளதாக இருக்கட்டும். சுருளாகச் சுற்றி வைத்த வயரை முழுவதும் பிரித்த பிறகே பயன்படுத்த வேண்டும். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ரப்பர் உறை இளகிவிடும்.

3. ஒட்டுப்போட்ட வயரும், தீக்குச்சி செருகி நிறுத்திய வயரும் கூட்டத்துக்குள் வரவே கூடாது.

4. கூடத்தின் மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான், அதாவது ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தை நிறுத்தி ஆளைக் காப்பாற்றுவது இதுதான். சாதாரண ப்யூஸ் அதைச் செய்யாது.

5. பந்தல் போட்டு நடத்தும் கூட்டங்களில் தற்காலிக இணைப்பை முறைப்படி மின்வாரிய அலுவலகத்தில் பணம் கட்டி எடுக்க வேண்டும். தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி குற்றம். அதோடு, அவசரமாகப் போடும் மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் வயர் கழன்றுவிட்டால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வந்துவிடும். ஒரு நொடியில் கருவி, கணினி, ஒலிபெருக்கி எல்லாம் கருகிவிடும். கருவியைச் செருகுமுன் எலக்ட்ரீஷியனை விட்டு வோல்ட் அளவைப் பார்க்கச் சொல்வது ஐந்து நிமிட வேலை.

6. ஜெனரேட்டர் பயன்படுத்தினால் அது ஓடி நிலைப்பட்ட பிறகே கருவியை இயக்க வேண்டும். ஜெனரேட்டர் எக்காரணத்தைக் கொண்டும் கூடத்துக்குள்ளோ, குடோனுக்குள்ளோ, மூடிய வராந்தாவிலோ இருக்கக்கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவதுபோல் வந்து உயிரையே கொண்டுபோய்விடும்.

பாதரச விளக்குக் கருவிகளுக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வைத்துக்கொள்வது நல்லது. திடீரென மின்சாரம் போனால் உள்விசிறி நின்று விளக்கு அதிகச் சூட்டில் கெடும். அதை இது தடுக்கும்.

இயக்கும் முறை

முதலில் கருவி, கணினி இரண்டும் அணைந்திருக்கும்போதே எச்.டி.எம்.ஐ. வயரால் இணைக்கவும். சாதாரண வயர் 30 அடி வரை ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேல் நீளமானால் படம் விட்டுவிட்டு வரலாம். பிறகு புரொஜெக்டரை இயக்கி, லென்ஸ் மூடியைக் கழற்றி, கணினியை இயக்கவும். படம் வராவிட்டால் கருவியின் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி எந்த இணைப்பு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, இரண்டு திரையிலும் ஒரே படம் வருமாறு அமைக்கலாம். அதன் பிறகு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி எழுத்தின் விளிம்பு கூர்மையாகும்வரை சரிசெய்யவும். கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, "படிக்க முடிகிறதா?" என்று கேட்டுவிட்டால் வேலை முடிந்தது.

முடித்த பிறகு செய்வதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பாதரச விளக்குக் கருவியைப் பொத்தானை அழுத்தி அணைத்ததும் உள்விசிறி இரண்டு மூன்று நிமிடம் ஓடும். அது தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்கக்கூடாது. கருவியைத் தூக்கவும் கூடாது. சூடான விளக்கு அதிர்ந்தால் வெடிக்கவும் கூடும். கூட்டம் முடிந்த அவசரத்தில் சுடச்சுடப் பையில் போட்டு ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப்போவதால்தான் பல கருவிகள் ஆயுளுக்கு முன்பே போய்ச் சேர்கின்றன.

பேட்டரியுள்ள சிறு கருவிகளுக்கு அதனுடன் வந்த அடாப்டரையே பயன்படுத்த வேண்டும். பூட்டிய காரிலோ, வெயில் படும் ஜன்னலிலோ வைக்கக்கூடாது. பேட்டரி உப்பியிருந்தால் அன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும். புகைந்தால் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறைக்கு 101க்குச் சொல்ல வேண்டும். 112 எண்ணையும் அழைக்கலாம்.

நம் கடைகளுக்கே உரிய தொல்லைகள்

மளிகைக் கடை குடோனில் கூட்டம் நடத்துவது நம்மிடையே சாதாரணம். ஆனால் அங்கே மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மாவு, சாக்குத் தூசி எல்லாம் காற்றில் மிதக்கும். கருவி காற்றை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்விக்கிறது. வடிகட்டியில் மாவு படிந்தால் காற்று போகாது; சூடு ஏறும்; கருவி பாதியில் தானாக அணைந்துவிடும். மாதம் ஒருமுறையாவது பிளக்கைக் கழற்றிவிட்டு, வடிகட்டியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஈரத்துணியால் துடைக்கக்கூடாது.

கருவியின் பின்புறமும் பக்கவாட்டிலும் ஓர் அடியாவது இடம் விட வேண்டும். சூடான காற்று வெளிவரும் துளைக்கு எதிரே கற்பூரப் பெட்டி, தீப்பெட்டிக் கட்டு, பிளாஸ்டிக் கவர், எண்ணெய் டின், சாக்கு எதுவும் இருக்கக்கூடாது. 'சத்தம் வருகிறது' என்று கருவியின் மேல் துண்டைப் போட்டு மூடுபவர்களும் இருக்கிறார்கள். அது விசிறியின் மூச்சை அடைப்பதாகும்.

ஈரமும் எதிரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வட்டாரத்தில் தண்ணீர் எப்படி நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதிக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தோம். கருவியைத் தரையோரம் உள்ள அலமாரியில் வைக்காமல் மேல்தட்டில் வைப்பது நல்லது. ஏ.சி. அறையிலிருந்து புழுக்கமான கூடத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸிலும் உள்ளேயும் நீர் பூக்கும். அரைமணி நேரம் அப்படியே விட்டு உலர்ந்த பிறகே இயக்க வேண்டும். திறந்தவெளியில் தூறல் விழுந்தால் குடை பிடித்துச் சமாளிக்க வேண்டாம்; நிறுத்திவிடுவதே விவேகம்.

ஷட்டரும் வழியும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இருட்டு வேண்டும் என்பதற்காகக் கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் படம் காட்டக்கூடாது. மின்சாரத்தில் இயங்கும் ஷட்டராக இருந்தால், மின்சாரம் போனதும் அது திறக்காது. கையால் தூக்கும் ஷட்டரானாலும், புகையில் முப்பது பேர் முண்டியடிக்கும்போது குனிந்து தூக்க யாராலும் முடியாது. வெளிச்சம் வராமல் தடுக்கத் தடித்த திரைச்சீலை போதும். ஷட்டர் முழு உயரத்துக்குத் திறந்தே இருக்கட்டும். அந்தச் சீலையும் கருவியின் சூடான காற்றுத் துளையிலிருந்து தள்ளியே தொங்க வேண்டும். பின்புறக் கதவுக்கு எதிரே மூட்டை அடுக்கியிருந்தால் கூட்டத்துக்கு முன் நகர்த்திவிட வேண்டும். மாடியில் கீற்றுக்கொட்டகைக்குக் கீழே காட்சி வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். ஸ்ரீரங்கம் கற்றுத்தந்த பாடத்தை இன்னொரு முறை விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

தரையில் போகும் வயரைச் சுவரோரமாக விட்டு, நடைபாதையைக் கடக்கும் இடத்தில் அகலமான டேப்பால் ஒட்டிவிட வேண்டும். இருட்டில் வயதானவர்கள் இடறி விழுவது இதனால்தான். கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும், ஒரு வாளி உலர்ந்த மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மெயின் சுவிட்சை அணைப்பதே முதல் வேலை. அது எங்கே இருக்கிறது என்று கூட்டம் தொடங்குமுன் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

லென்ஸைக் கண்ணால் உற்றுப் பார்ப்பது, குறிப்பாக லேசர் கருவியில், கண்ணுக்குக் கேடு. ஆயுத பூஜை மாலையில் கடைப்பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டும்போது, குழந்தைகள் லென்ஸுக்கு முன்னால் நின்று கைநிழல் காட்டி விளையாடுவார்கள். கருவியை அவர்கள் தலைக்கு மேலான உயரத்தில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

திரையில் தெரியக்கூடாதவை

கைப்பேசியை இணைத்துக் காட்டும்போது வங்கிச் செய்தி, ஓ.டி.பி. எண், வாடிக்கையாளர் அனுப்பிய பாக்கிக் கணக்கு எல்லாம் ஆறடித் திரையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இணைக்குமுன் அறிவிப்புகள் வராதபடி நிறுத்திவிட வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தை விளக்கும்போது எந்த உறுப்பினருடைய உண்மைக் கணக்கையும் திறந்து காட்டக்கூடாது. ஒருவருடைய விற்றுமுதல் அவருக்கும் அவருடைய கணக்காளருக்கும் உரியது. வெற்றுப் படிவத்தையோ, முன்கூட்டியே எடுத்து எண்களை மறைத்த படத்தையோ காட்டினால் போதும்.

சட்டம் சொல்வது

கணக்கு விளக்கமும் சங்க நிகழ்ச்சிப் படமும் காட்டுவதில் சிக்கல் இல்லை. ஆனால் சினிமாப் படத்தையோ கிரிக்கெட் ஒளிபரப்பையோ பொதுமக்களைக் கூட்டிக் காட்டுவது வேறு விஷயம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையாளரின் அனுமதி வேண்டும். வீட்டுச் சந்தாவில் பார்க்கும் உரிமை, கூட்டத்துக்குக் காட்டும் உரிமையாகாது. பொது இடத்தில் திரைப்படம் காட்டுவதற்கு 1955ஆம் ஆண்டு தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் பொருந்தும். ஒலிபெருக்கி வைப்பதானால் உரிய அனுமதி பெற வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. வாடிக்கையாளர்களை மகிழ்விக்க நினைத்து வழக்கில் சிக்கிக்கொள்வது நமக்குத் தேவையா என்று யோசிக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன் ஒருமுறை

சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருமணி நேரம் முன்னதாகச் சங்கத்தில் ஒருவர் பொறுப்பேற்று இவற்றைப் பார்த்துவிட வேண்டும்: வயர் முழுவதும் பிரித்திருக்கிறதா, எர்த் இருக்கிறதா, கெட்டில் வேறு பாயிண்டில் இருக்கிறதா, காற்றுத்துளைகளைச் சுற்றி இடம் இருக்கிறதா, ஷட்டர் திறந்திருக்கிறதா, பின்கதவு அடைபடாமல் இருக்கிறதா, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கிறதா, மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரியுமா. இந்த எட்டுக் கேள்விகளை ஓர் அட்டையில் எழுதி, புரொஜெக்டர் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவிடலாம். தராசைப் பயன்படுத்துமுன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டல்லவா, அதே பழக்கம்தான் இதுவும்.

கருவி எவ்வளவு விலையானாலும் கெட்டுப்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்கள் அனைவரும் பத்திரமாக வீடு திரும்பி, மறுநாள் காலை வழக்கம்போல் கடையைத் திறக்க வேண்டும். அதற்கு மேற்சொன்ன ஒருமணி நேர உழைப்பு பெரிய விலையல்ல என்பதை வணிகப் பெருமக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என நம்புகிறோம்.